மைத்துனரின் டோனட் கடையும் மாமியார் வீட்டுப் பத்திரமும்

கேள்வி: திருச்சிக்காரன் நான். 14 ஆண்டுகளாகக் கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் கணக்காளராக இருக்கிறேன். மனைவி அந்நாட்டுக் கெமர் இனத்தவர், பள்ளி ஆசிரியை. மகளுக்கு 16 வயது, மகனுக்கு 12. அமெரிக்கக் குடிமகனான மனைவியின் அண்ணன் 2007இல் போட்ட குடியேற்ற மனு இப்போதுதான் கனிந்திருக்கிறது. குடும்பத்தோடு கிரீன் கார்டு விசா கிடைக்கும். மூன்று, நான்கு ஆண்டுகள் இருந்து பார்க்கலாம் என்று நினைக்கிறோம். அண்ணன் இருக்கும் கலிபோர்னியாவின் லாங் பீச், மனைவியின் சித்தி இருக்கும் மாசசூசெட்ஸின் லோவல், வாடகை குறைவான டெக்சாஸின் ஹூஸ்டன், இவற்றில் எது சரி? சேமிப்பு 22,000 டாலர். அண்ணனுக்கு அனுப்புவதற்காக மாமியார் வீட்டுப் பத்திரத்தை வைத்து இரண்டு முறை வாங்கிய கடனில் 9,000 டாலர் பாக்கி. இப்போது அவர் தன் டோனட் கடையில் பங்கு சேரச் சொல்லி 30,000 டாலர் கேட்கிறார். மாதம் 8,000 டாலர் லாபம் வருகிறதாம். நுண்கடன் நிறுவனம் மாதம் 1.5 சதவீதத்துக்குத் தரத் தயார். இது ‘சாங் குண்’, அதாவது நன்றிக்கடன், என்கிறார் மனைவி.

பதில்: கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்று பக்கம் ஊர்களைப் பற்றி. பத்திரத்தைப் பற்றி ஆறே வரி. எனக்குத் தூக்கம் கெடுத்தது அந்த ஆறு வரிதான்.

நீங்கள் கணக்காளர், வட்டி என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. ஆனால் தொழிற்சாலைக்குப் போடும் கணக்கை வீட்டுக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்பது தெரிகிறது. 30,000 டாலர், மாதம் 1.5 சதவீதம், ஐந்தாண்டு என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 762 டாலர். மொத்தம் கட்டுவது 45,700. கம்போடிய அரசு 2017இல் நுண்கடனுக்கு ஆண்டு 18 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. உங்களுக்குச் சொல்லப்பட்டிருப்பது சரியாக அந்த உச்சம். வெளிநாட்டவர் அங்கே நிலம் வாங்கச் சட்டம் இடம் தராது. ஆகவே அந்த வீட்டில் உங்கள் பெயரில் ஒரு செங்கல்கூட இல்லை. கடனில் மட்டும் உங்கள் கையெழுத்து இருக்கும். தவணை தவறினால் வெளியேற வேண்டியவர் மாமியார். அப்போது நீங்கள் இருப்பது பசிபிக்குக்கு அப்பால்.

இப்போது ஊர்க் கணக்கு. முதல் ஆண்டில் இருவருக்கும் குறைந்தபட்சக் கூலிதான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 14 ஆண்டு அனுபவத்துக்கு அங்கே உடனே மரியாதை கிடைக்காது, வருத்தப்படாதீர்கள். மாசசூசெட்ஸில் மணிக்கு 15 டாலர், கலிபோர்னியாவில் 2025இல் 16.50. லோவலில் இருவரும் உழைத்தால் பிடித்தம் போக மாதம் 4,500 கைக்கு வரலாம். நீங்கள் விசாரித்த வாடகை 2,100, மின்சாரமும் வெப்பமும் 250, சாப்பாடு 800, கார் 500, தொலைபேசியும் இணையமும் 120, மருத்துவக் காப்பீடு 400. மிச்சம் 330. லாங் பீச்சில் கைக்கு 5,000, வாடகை 2,400, மற்றவை சற்றே ஏற இறங்கச் சேர்த்து 4,420 செலவு. மிச்சம் 580. இந்த இரண்டிலிருந்தும் 762ஐக் கழியுங்கள். லோவலில் மாதம் 430 துண்டு விழுகிறது, லாங் பீச்சில் 180. அந்தத் தவணையோடு போனால் உங்களுக்கு ஏற்ற ஊர் அமெரிக்காவில் கிடையாது.

ஹூஸ்டனை விட்டுவிடலாம். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை என்பது உண்மை. ஆனால் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி இன்னும் 2009இல் வைத்த 7.25 டாலர்தான், நடைமுறையில் கூடுதலாகக் கொடுப்பார்கள் என்றாலும் இரண்டு கார் இல்லாமல் இருவர் வேலைக்குப் போக முடியாது. ஹூஸ்டனுக்குத் தெற்கே ரோஷாரன் என்ற இடத்தில் கெமர் குடும்பங்கள் வள்ளைக்கீரை வளர்க்கின்றன. உங்கள் மனைவிக்கு மனது குளிரும். கீரை வாங்கப் போய் வரலாம், குடியிருக்க வேண்டாம்.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். ‘சாங்’ என்றால் திருப்பித் தருதல். கடனை அடைப்பதற்கும் கெமர் மொழியில் அதே சொல். ‘குண்’ நம் ‘குணம்’ என்ற சொல்லின் உறவு. நாமும் நன்றிக்கடன் என்றுதானே சொல்கிறோம்? அவர் 1990களில் அனுப்பிய பணத்தில் வீடு எழுந்தது, அவர் போட்ட மனுவில் நீங்கள் போகிறீர்கள். அந்த நன்றி இருக்கட்டும். ஆனால் நன்றிக்கு மாதம் 1.5 சதவீத வட்டி போட்ட வழக்கம் கெமரிலும் கிடையாது, தமிழிலும் கிடையாது. அண்ணன் வாய் திறந்தால் பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பும் பழக்கம் உங்கள் வீட்டில் வந்துவிட்டது. முதலில் அடுப்புக்கு, பிறகு கடை வாடகை பாக்கிக்கு, இப்போது பங்குக்கு. மாதம் 8,000 லாபம் வரும் கடைக்குப் பாக்கி எப்படி விழுந்தது என்று கணக்காளராகிய நீங்கள் கேட்கவே இல்லை.

கேட்கக் கூச்சமாக இருந்தால் கேட்க வேண்டாம். தாள் தானாக வரும். உங்கள் விசாவுக்கு அவர் ஐ-864 என்ற ஆதரவு உறுதிப் படிவம் தந்தாக வேண்டும். அதோடு வருமான வரிக் கணக்கும் சேர வேண்டும். அவர் வீட்டில் நால்வர், நீங்கள் நால்வர். எட்டுப் பேருக்கு 2025 அளவுப்படி ஆண்டு வருமானம் 67,687 டாலர் காட்ட வேண்டும். கடை லாபம் உண்மையானால் 96,000 அந்தத் தாளில் இருக்கும். இல்லையென்றால் கூட்டாக இன்னொருவர் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். யாரைக் கேட்பது என்று இப்போதே யோசியுங்கள். இன்னொன்றும் உண்டு. அந்த உறுதிமொழி அவர் அமெரிக்க அரசுக்குத் தருவது. அதற்காக நீங்கள் அவர் ஊரில் குடியிருக்க வேண்டும் என்றோ, அவர் கடையில் முதல் போட வேண்டும் என்றோ எந்தச் சட்டமும் இல்லை.

கலிபோர்னியாவில் டோனட் கடை கெமர் அகதிகள் கைகளில் வளர்ந்த தொழில். மரியாதைக்குரியது. ஆனால் அது ஓடுவது நள்ளிரவில் மாவு பிசையும் குடும்பத்தின் சம்பளமில்லா உழைப்பில். பங்குதாரர் என்ற பெயரில் உங்கள் மனைவி இரவு இரண்டு மணிக்கு எழுந்தால் அந்த 16.50 டாலரும் வராது.

ஆகவே லோவல். ஊரை மட்டும் பார்த்தால் லாங் பீச்சுக்கு என்ன குறை? அனாஹெய்ம் தெருவில் 2007இல் அதிகாரபூர்வமாகப் பெயர் பெற்ற கம்போடியா டவுன், குளிரில்லாத வானம், மாதம் 250 டாலர் கூடுதல் மிச்சம். அந்த 250ஐ அண்ணனின் ஒரே வருகை கரைத்துவிடும். லோவலும் அந்நியமல்ல, 1980களில் மின்னணு ஆலை வேலைக்காகக் கெமர் மக்கள் குடியேறிய ஊர் அது. 2022இல் அவர்களில் ஒருவரே மேயரானார். கோயில் உண்டு, கெமர் சமையலுக்கான மீன் விழுது கிடைக்கும், பாஸ்டனுக்கு ரயில் உண்டு. மகளுக்கு 18 ஆகும்போது கல்லூரியில் உள்மாநிலக் கட்டணம் கிடைக்கப் பொதுவாக ஓராண்டாவது அங்கே வசித்திருக்க வேண்டும். நடுவில் ஊர் மாறினால் அது தள்ளிப்போகும்.

பணத்தை இப்படிப் பிரியுங்கள். 22,000இல் முதலில் 9,000 கடனை அடைத்துப் பத்திரத்தை மீட்டு மாமியார் கையில் கொடுங்கள். மிச்சம் 13,000. விசாக் கட்டணம் தலைக்கு 325, போவதற்கு முன் இன்னொரு 235, நால்வருக்கு 2,240. மருத்துவப் பரிசோதனை, டிக்கெட் சேர்த்து 5,000 போகும். கையில் ஏறக்குறைய 5,700. மாசசூசெட்ஸில் வீட்டுக்காரர் முதல் மாத வாடகை, கடைசி மாத வாடகை, ஒரு மாத முன்பணம் மூன்றும் கேட்கலாம், அதுவே 6,300. கதவே திறக்காது. அதனால் எல்லோரும் ஒன்றாகப் போக வேண்டாம். மனு மனைவியின் பெயரில். அவருக்கு முன்னால் நீங்கள் நுழைய முடியாது, பின்னால் போய்ச் சேரலாம். அவரும் பிள்ளைகளும் சித்தி வீட்டில் 700 டாலர் வாடகைப் பங்கோடு தொடங்கட்டும். நீங்கள் எட்டு மாதம் வேலையில் நீடித்து மாதம் 1,000 ஒதுக்குங்கள். பிரிந்திருப்பது கஷ்டம்தான். 762 டாலர் தவணையோடு சேர்ந்திருப்பது அதைவிடக் கஷ்டம்.

அண்ணனின் மனைவி உங்களிடம் விற்கப் பார்க்கும் ‘சந்தை ஏறினால் லாபம், இறங்கினால் நட்டமில்லை’ ஆயுள் காப்பீட்டை அவரே வைத்துக்கொள்ளட்டும். முதல் ஆண்டுப் பிரீமியத்தில் பெரும்பகுதி முகவர் கமிஷனாகப் போகக்கூடிய சரக்கு அது. திருச்சியில் உங்கள் பெயரில் ஓடும் மியூச்சுவல் ஃபண்டை அமெரிக்காவில் கால் வைக்கும் முன் விற்றுவிடுங்கள். அங்கே வரிக் குடியிருப்பாளர் ஆனபின் அதற்குத் தனிப் படிவமும் கடுமையான வரியும் உண்டு. வெளிநாட்டுக் கணக்குகளில் உள்ள பணம் எல்லாம் சேர்ந்து 10,000 டாலரை ஒரு நாள் தாண்டினாலும் அந்த ஆண்டுக்கு அமெரிக்க அரசிடம் தெரிவிக்க வேண்டும். இடையில் ஓராண்டுக்கு மேல் கம்போடியாவில் தங்குவதானால், கிளம்பும் முன் மறுநுழைவு அனுமதி வாங்குங்கள். இல்லையேல் கிரீன் கார்டு போய்விடக்கூடும்.

அண்ணனிடம் மனைவியே பேசட்டும், நீங்கள் பேசினால் வேறு அர்த்தம் வரும். லோவலில் வேலை நிலைத்தபின் மாதம் 100 டாலர் அவர் பிள்ளைகளின் படிப்புக்கு அனுப்புவதாகச் சொல்லலாம். சித்தியிடம் இப்போதே ஒன்று விசாரித்துவிடுங்கள்: அந்த 700இல் குளிர்காலத்து வெப்பச் செலவு சேர்ந்திருக்கிறதா? இல்லையென்றால் ஜனவரி மாத எரியெண்ணெய்க்குத் தனியாக ஒதுக்க வேண்டும்.