வாசகர் கேள்வி – பதில்: ஒரு தோல்வி, மூட்டை கட்டு!

அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் கூடைப்பந்தின் பருவம் மார்ச் மாத நாக்-அவுட் போட்டியோடு முடிகிறது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. நடத்தும் அந்தப் போட்டியைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

முதல் பிரிவில் 350க்கும் மேல் கல்லூரிகள் ஆடுகின்றன. அதில் 68 அணிகளை மட்டும் எப்படிப் பொறுக்குகிறார்கள்?
– உடற்கல்வி ஆசிரியர், நாமக்கல்

உள்ளே போக இரண்டு வழி. ஒவ்வொரு லீக்கும் பருவக் கடைசியில் தனக்குள் ஒரு நாக்-அவுட் நடத்தும். அதை வென்றால் நேரே நுழையலாம், யாரும் தடுக்க முடியாது. 2008ல் காப்பின் ஸ்டேட் 16 வெற்றி, 20 தோல்வி என்ற கணக்கோடு இப்படித்தான் உள்ளே போனது. 2025ல் இந்த வழியில் வந்தவை 31 அணிகள். மீதி 37 இடத்தை 12 பேர் கொண்ட தேர்வுக் குழு நிரப்பியது.

குழுவின் கையில் இருக்கும் முக்கியக் கருவி 2018-19ல் வந்த 'நெட்' தரவரிசை. ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. யாரை எங்கே வென்றாய் என்று பார்க்கிறார்கள். வெற்றி தோல்விகளை நான்கு கட்டமாகப் பிரிப்பார்கள். முதல் கட்டத்தில் சேர வேண்டுமானால், சொந்த மைதானத்தில் ஆடியிருந்தால் எதிரணி தரவரிசையில் முதல் 30க்குள் இருக்க வேண்டும். பொது மைதானமானால் 50க்குள். எதிரணி ஊரில் ஆடியிருந்தால் 75க்குள் போதும். 70ஆம் இடத்து அணியை அதன் ஊரிலேயே போய் வெல்வது முதல் கட்ட வெற்றி. அதே அணியை உங்கள் ஊருக்கு வரவழைத்து வென்றால் அது இரண்டாம் கட்டம்தான். பெரிய கல்லூரிகள் சின்னக் கல்லூரியின் அரங்கத்துக்கு ஆடப் போக மறுப்பதும் இதில்தான் சேர்கிறது. போனால் தோற்கலாம், வென்றாலும் பெரிய லாபம் இல்லை.

இதில் அடி வாங்குவது சின்ன லீக்கின் நல்ல அணி. 2024ல் இண்டியானா ஸ்டேட் 28 வெற்றி, 6 தோல்வி. நெட் தரவரிசையில் முதல் 30க்குள். ஆனாலும் லீக் இறுதியில் டிரேக் அணியிடம் தோற்றதும் கதவு மூடிவிட்டது. முதல் கட்ட வெற்றிகள் போதவில்லை என்பது குழுவின் பக்கம். முதல் கட்ட எதிரிகள் ஆட வந்தால்தானே வெல்ல முடியும் என்பது நம் பக்கம்.

64 என்றால் கணக்கு சரியாக வரும். 68 எதற்கு?
– மாணவர், காரைக்குடி

1939ல் 8 அணிகளோடு தொடங்கிய போட்டி இது. 1985ல் 64, 2001ல் 65, 2011ல் 68 என வளர்ந்தது. அந்த நான்கு கூடுதல் அணிகளைக் கழிக்க ஒஹாயோ மாநிலம் டேட்டனில் செவ்வாய், புதன் இரண்டு நாளில் மொத்தம் நான்கு ஆட்டம் நடக்கும். இரண்டில் லீக் வென்று வந்தவர்களில் கடைசித் தரத்து அணிகள் மோதும். மற்ற இரண்டில் குழு கடைசியாகச் சேர்த்த அணிகள். அங்கே ஆடுவது கேவலம் இல்லை. 2011ல் வி.சி.யு., 2021ல் யு.சி.எல்.ஏ. ஆகிய கல்லூரிகள் இந்தக் கூடுதல் சுற்றில் தொடங்கி அரையிறுதி வரை போயின (2021ல் மட்டும் அது டேட்டனில் நடக்கவில்லை).

16ஆம் நிலை அணி முதல் நிலை அணியை வீழ்த்தியது என்று படித்தேன். இது அதிர்ஷ்டமா, திட்டமா?
– கல்லூரி அணிப் பயிற்சியாளர், சிவகாசி

64 அணிகளும் நான்கு பிரிவு, ஒவ்வொன்றிலும் வலிமைப்படி 1 முதல் 16 வரை நிலை எண். முதல் சுற்றில் 1க்கு எதிர் 16, 2க்கு எதிர் 15 என்று போகும். 1985 முதல் 2025 வரை 1–16 ஆட்டங்கள் 160 நடந்தன (2020ல் கொரோனாவால் போட்டியே இல்லை). அதில் 16ஆம் நிலை வென்றது இரண்டே முறை.

2018ல் 16ஆம் நிலையில் இருந்த யு.எம்.பி.சி. கல்லூரி வர்ஜீனியாவை 74-54 என்று வென்றது. இடைவேளையில் 21-21. யு.எம்.பி.சி. 24 மூன்று-புள்ளி வீச்சில் 12 போட்டது. வர்ஜீனியா 22ல் 4. இருவருக்கும் மூன்றில் ஒன்று விழுந்திருந்தால் 8, 7 என்று நின்றிருக்கும். அதாவது ஒரு பக்கம் 12 புள்ளி கூடியது, இன்னொரு பக்கம் 9 புள்ளி குறைந்தது. இருபது புள்ளி வித்தியாசத்தில் முடிந்த ஆட்டத்துக்கு இந்த ஒரு கணக்கே போதும்.

மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே ஒரு ராத்திரி கை ஓடுவது அதிர்ஷ்டம்தான். ஆனால் அதிர்ஷ்டம் வேலை செய்ய இடம் விடுவது திட்டம். ஆட்டத்தில் பந்து கைமாறும் எண்ணிக்கை குறையக் குறைய, வலிய அணியின் மேன்மை வெளிப்பட வாய்ப்பும் குறையும். வர்ஜீனியா தானே மெதுவாக ஆடும் அணி. பின்தங்கியதும் வேகம் கூட்டி மீள முடியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

உங்கள் அணியின் வேகத்தை ஸ்கோர் ஷீட்டிலிருந்தே கணக்கிடலாம்: மொத்த வீச்சு முயற்சிகளில், உங்கள் அணி தவறவிட்ட வீச்சை நீங்களே மறுபடி பிடித்த ரீபவுண்டுகளைக் கழியுங்கள், பந்தை இழந்த தடவைகளைக் கூட்டுங்கள், ஃப்ரீ த்ரோ முயற்சிகளை 0.475ஆல் பெருக்கி அதையும் கூட்டுங்கள். 58 வீச்சு, 9 ரீபவுண்ட், 12 இழப்பு, 20 ஃப்ரீ த்ரோ என்றால் 58 – 9 + 12 + 9.5 = 70.5. எடுத்த புள்ளியை இதனால் வகுத்தால் ஒரு பந்துக்கு எவ்வளவு எடுத்தீர்கள் என்பது தெரியும். 70 புள்ளி எடுத்தோம், 60 எடுத்தோம் என்று பேசுவதைவிட இது நேர்மையான அளவுகோல். வலிய அணியோடு மோதும்போது வேகத்தின் எண்ணை (மேலே 70.5) 60க்குப் பக்கத்தில் இறக்கப் பாருங்கள்.

இரண்டாவது ஆட்டம் 2023: ஃபேர்லி டிக்கின்சன் பர்டியூவை 63-58 என்று வென்றது. ஃபேர்லி டிக்கின்சன் தன் லீக் இறுதியிலேயே தோற்றிருந்தது. வென்ற மெரிமாக் கல்லூரிக்கு அந்த ஆண்டு இந்தப் போட்டியில் ஆடத் தகுதி இல்லாததால் இடம் இவர்களுக்கு வந்தது. உயரத்தில் மிகக் குட்டை அணி. எதிரில் 7 அடி 4 அங்குல ஸாக் எடி. அவருக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று நின்று பந்து அவர் கைக்குப் போவதையே கடினமாக்கினார்கள். வெளியே காலியாக நின்றவர்களை எறியவிட்டார்கள். பர்டியூ 26 மூன்று-புள்ளி வீச்சில் 5 மட்டுமே போட்டது. உயரமானவரைத் தடுக்க உயரமானவர் இல்லையென்றால், பந்து கொடுப்பவரை நெருக்குங்கள். இதைச் செய்ய ஆள் உயரம் தேவையில்லை, மூச்சு தேவை.

நாங்கள் ஆடும் ஃபிபா (சர்வதேச அமைப்பு) விதிப்படி ஒரு கால் பகுதியில் ஐந்தாவது டீம் ஃபவுல் முதல் இரண்டு ஃப்ரீ த்ரோ. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் சில சமயம் ஒரே வீச்சோடு ஆட்டம் தொடர்ந்துவிடுகிறதே?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

அவர்கள் ஆடுவது 20 நிமிடம் வீதம் இரண்டு பாதி. கால் பகுதிகள் இல்லை. ஒரு பாதியில் 7, 8, 9ஆம் டீம் ஃபவுல்களுக்கு 'ஒன் அண்ட் ஒன்': முதல் வீச்சு விழுந்தால்தான் இரண்டாவது கிடைக்கும். தவறினால் பந்து உயிரோடு இருக்கிறது, ரீபவுண்டுக்குப் போட்டி. 10ஆம் ஃபவுலிலிருந்து இரண்டு வீச்சு உறுதி. (வீசும்போது ஃபவுல் செய்தால் இந்தக் கணக்கே வேண்டாம், வழக்கம்போல் வீச்சு உண்டு.)

இதனால்தான் கடைசி இரண்டு நிமிடம் அங்கே அவ்வளவு நீளம். 60 சதவீதம் போடுகிறவரை ஒன் அண்ட் ஒன்னில் நிறுத்தினால் சராசரியாகக் கிடைப்பது 0.6 + 0.36 = 0.96 புள்ளி. அதே ஆளுக்கு இரண்டு வீச்சு உறுதி என்றால் 1.2. பின்தங்கிய அணிக்கு முதலாவது நல்ல வியாபாரம். 75 சதவீதம் போடுகிறவரை நிறுத்தினால் 1.31, அது நஷ்டம்.

1983 இறுதியில் நார்த் கரோலினா ஸ்டேட் ஹியூஸ்டனை வென்றது இந்தக் கணக்கில்தான். அப்போது ஷாட் கிளாக் கிடையாது. ஹியூஸ்டன் பந்தை வைத்துக்கொண்டே நேரத்தை ஓட்டலாம். ஆகவே பயிற்சியாளர் ஜிம் வல்வானோ ஃபவுல் செய்யச் சொன்னார். 52-52ல், ஒரு நிமிடம் சொச்சம் இருக்கும்போது ஹியூஸ்டனின் ஆல்வின் ஃபிராங்க்ளின் முதல் வீச்சையே தவறவிட்டார். கடைசி நொடியில் குறைவாக விழுந்த நெடுந்தூர வீச்சைப் பிடித்து லோரன்ஸோ சார்ல்ஸ் கூடைக்குள் அமுக்க, 54-52.

இப்படி ஃபவுல் செய்யும்போது கெடுவது பெரும்பாலும் இங்கேதான்: அமெரிக்கக் கல்லூரி விதிப்படி உங்கள் டீம் ஃபவுல் 4ல் நிற்கிறது என்றால் அடுத்த இரண்டு ஃபவுலும் வீண், எதிரணி வெளியிலிருந்து பந்தை உள்ளே போட்டுக்கொண்டே இருக்கும். மூன்றாவதில்தான் கோட்டுக்குப் போவார்கள். அதற்குள் பத்து நொடி கரைந்திருக்கும். ஆகவே ஃபவுல் கணக்கை நான்கு நிமிடம் இருக்கும்போதே பாருங்கள். அடுத்து, பின்னாலிருந்து கட்டிப்பிடிக்காதீர்கள். பந்தை நோக்கிக் கை போகவில்லை என்று நடுவர் நினைத்தால் இரண்டு வீச்சோடு பந்தும் அவர்களுக்கே.

2025 இறுதியில் ஹியூஸ்டன் வீரர் கையிலிருந்த பந்தைக் கீழே விட்டுவிட்டு, பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாரே! ஏன் எடுக்கவில்லை?
– வாசகி, தஞ்சாவூர்

எடுத்திருந்தால் டிராவலிங். ஃபுளோரிடா 65-63 என்று முன்னால். இம்மானுவேல் ஷார்ப் மூன்று புள்ளிக்கு எம்பினார். வால்டர் கிளேட்டன் பறந்து வந்து மறைத்தார். பந்தோடு தரையை விட்டவர் கால் தரையில் படுமுன் வீசவோ கொடுக்கவோ வேண்டும். இரண்டுக்கும் வழியில்லாமல் ஷார்ப் பந்தை நழுவவிட்டார். அதை மறுபடி முதலில் தொடுவது அவராக இருந்தால் விதி மீறல். சகவீரர் யாராவது தொட்டால் சரி. ஆனால் ஃபுளோரிடாவின் அலெக்ஸ் காண்டன் பாய்ந்துவிட்டார், நேரம் முடிந்தது.

ஷார்ப்பைக் குறை சொல்வது எளிது. மறைப்பவர் எங்கே என்று பார்த்துவிட்டு எம்பு, சந்தேகம் வந்தால் எம்புவதுபோல் பாவனை காட்டி அவரைப் பறக்கவிடு என்பது பள்ளிக்கூடப் பாடம். ஆனால் கிளேட்டன் மூடிய தூரமும் வேகமும் அசாதாரணம். சமன் செய்ய இரண்டு புள்ளியே போதும் என்பதுதான் ஹியூஸ்டனை அதிகம் உறுத்தியிருக்கும்.

டைம்-அவுட் இல்லாதபோது கேட்டால் என்ன ஆகும்?
– வாசகர், புதுச்சேரி

டெக்னிக்கல் ஃபவுல். 1993 இறுதியில் மிச்சிகன் 71-73 என்று பின்தங்கி, 11 நொடி இருக்கையில் மூலையில் இருவரிடம் மாட்டிக்கொண்ட கிரிஸ் வெப்பர் டைம்-அவுட் கேட்டார். கையில் ஒன்றும் பாக்கியில்லை. நார்த் கரோலினாவுக்கு இரண்டு வீச்சும் பந்தும் போயின, முடிவு 77-71. எத்தனை பாக்கி என்று பெஞ்சிலிருப்பவர்கள் விரல் காட்டிச் சொல்வது ஒவ்வொரு டைம்-அவுட் முடிவிலும் நடக்க வேண்டிய வேலை.

நண்பர்களோடு 'பிராக்கெட்' நிரப்பப் போகிறேன். எப்படி ஆரம்பிப்பது?
– மென்பொருள் ஊழியர், சென்னை

பிராக்கெட் என்பது எல்லா ஆட்டத்திலும் யார் வெல்வார்கள் என்று முன்கூட்டியே எழுதி நிரப்பும் அட்டவணை. பணம் கட்டாமல் ஆடுங்கள், சட்டச் சிக்கலும் வேண்டாம். டேட்டன் ஆட்டங்களைத் தள்ளினால் 63 ஆட்டம். எல்லாவற்றையும் சரியாகச் சொல்வதை மறந்துவிடுங்கள்: காசு சுண்டி நிரப்பினால் 2இன் 63ஆம் அடுக்கில் ஒரு வாய்ப்பு, சுமார் 92 லட்சம் லட்சம் கோடியில் ஒன்று. 2019ல் ஒஹாயோக்காரர் ஒருவர் முதல் 49 ஆட்டம் வரை தவறில்லாமல் போனார். 50ஆவது பர்டியூ–டென்னஸி கூடுதல் நேர ஆட்டத்தில் நின்றது.

வழக்கமான மதிப்பெண் சுற்றுக்கு 1, 2, 4, 8, 16, 32. முதல் சுற்றின் 32 ஆட்டமும் சேர்ந்து 32 மதிப்பெண். சாம்பியன் ஒருவருக்கே 32. ஆகவே கடைசிப் பெட்டியிலிருந்து பின்னோக்கி நிரப்புங்கள். 1985 முதல் 2025 வரை பாதிக்கு மேல் சாம்பியன்கள் முதல் நிலை அணிகளே. மிகக் கீழிருந்து வென்றது 1985ல் 8ஆம் நிலை வில்லனோவா. 2014ல் கனெக்டிகட் 7ஆம் நிலையில் இருந்து வென்றது. அரையிறுதிக்கு நான்கு முதல் நிலை அணிகளையும் எழுதுவதும் தப்பு. அது நடந்தது 2008லும் 2025லும்தான்.

முதல் சுற்றில் 8–9 ஆட்டம் கிட்டத்தட்ட சரிபாதி. 5–12ல் மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேலாக 12ஆம் நிலை வெல்கிறது. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், இரண்டுக்கு மேல் போகாதீர்கள். 2–15 ஆட்டங்கள் 160ல் 11தான் கவிழ்ந்தன, அங்கே வீரம் வேண்டாம். பத்துப் பேர் குழு என்றால் பெரிய அணியையே சாம்பியனாக எழுதுங்கள். நூறு பேர் என்றால் எல்லோரும் எழுதும் அணியை விட்டு, அதே வலிமையுள்ள இன்னொன்றை எழுதினால்தான் தனியாக மேலே வர முடியும்.

வென்றதும் கூடை வலையைக் கத்தரிக்கிறார்களே?
– வாசகர், ஈரோடு

1947ல் நார்த் கரோலினா ஸ்டேட் பயிற்சியாளர் எவரெட் கேஸ் லீக் பட்டம் வென்று தொடங்கிய பழக்கம் என்பார்கள். ஏணி போட்டு ஆளுக்கு ஒரு துண்டு. கடைசித் துண்டு பயிற்சியாளருக்கு.

இந்திய நேரப்படி எப்போது பார்க்கலாம்?
– மாணவி, கோயம்புத்தூர்

அங்கே மார்ச்சில் கோடை நேரம் தொடங்கிவிடுவதால் நியூயார்க் நேரத்தோடு ஒன்பதரை மணி நேரம் கூட்டுங்கள். முதல் சுற்றின் முதல் ஆட்டம் அங்கே வியாழன் மதியம் 12.15 என்றால் நமக்கு இரவு 9.45. அன்றைய கடைசி ஆட்டங்கள் மறுநாள் காலை ஏழரை வாக்கில் தொடங்கும். 2025 இறுதி திங்கள் இரவு 8.50க்குத் தொடங்கியது, நமக்குச் செவ்வாய் காலை 6.20. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஒன்பது மணி வகுப்பு இருந்தால் பேருந்தில் செல்பேசியில்தான் முடிவைப் பார்க்க வேண்டியிருக்கும்.