அச்சுத் தொழில்நுட்பம் படிக்க வைக்கலாமா?

உங்கள் கவலை புரிகிறது, அம்மா. மகனுக்குக் கிண்டி பொறியியல் கல்லூரியில் அச்சு, பேக்கேஜிங் தொழில்நுட்பம் கிடைக்கும் போலிருக்கிறது, வீட்டிலோ "பேப்பரே யாரும் வாங்குறதில்லை, இந்தப் படிப்பு எதுக்கு?" என்கிறார்கள். தைரியமாகச் சேருங்கள் என்றுதான் சொல்வேன்.

ஆஃப்செட் என்ற வழக்கமான அச்சு முறையில் புத்தகம் போட, பாரத்துக்குப் பாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்தான் ஒரு பாரம்) பிளேட், அதாவது அச்சுத் தகடு எடுக்க வேண்டும். 100 பிரதி போட்டாலும் 1000 போட்டாலும் பிளேட் செலவு ஒன்றுதான். அதனால் பதிப்பாளர்கள் 1000, 1200 என்று அடித்து, விற்காததைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்தார்கள். டிஜிட்டல் அச்சில் பிளேட்டே கிடையாது. 30 பிரதி கேட்டாலும் அடித்துத் தரலாம். பிரதிக்கு விலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். இன்னொரு பக்கம், 2016 டிசம்பரில் அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் தமிழ்ப் புத்தகங்கள் வந்துவிட்டன. ஆக, ஒரே புத்தகம் இப்போது தாளுக்கும் போக வேண்டும், திரைக்கும் போக வேண்டும். இந்த இடத்தில்தான் ஆள் தேவை.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்த பழைய கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பாருங்கள். நாலைந்து ஆங்கில எழுத்தும் நடுவில் ஒரு அரைப்புள்ளியும்தான் தெரியும். எத்தனையோ பதிப்பகங்களின் பழைய கோப்புகள் இப்படித்தான் கிடக்கின்றன. அவற்றை, எல்லாக் கணினியிலும் போனிலும் படிக்க முடிகிற பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்ற மென்பொருள் உண்டு. கோப்பே இல்லாத புத்தகத்துக்கு, பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் உண்டு. ஆனால் ஓசிஆர் துணைக்காலை 'ர' என்று படித்துவிடும். மெய்ப்புப் பார்க்கத் தமிழ் தெரிந்த கண் வேண்டும். அப்புறம், மின்னூலைப் போனில் படிக்கும்போது எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கமே மாறிவிடும். 'பக்கம் 42 காண்க' என்ற வரிக்கு அங்கே பொருளில்லை. அதை இணைப்பாக மாற்ற வேண்டும். இது தெரிந்தவர்கள் இன்னும் குறைவு என்பது என் அனுபவம்.

பேக்கேஜிங் பற்றிப் பயமே வேண்டாம். மாத்திரை அட்டைப்பெட்டியைப் போனில் அனுப்ப முடியாதே! கிண்டி இடம் கைநழுவினாலும், தரமணியில் உள்ள அரசுப் பயிலகத்தில் அச்சுத் தொழில்நுட்ப டிப்ளமோ இருக்கிறது.

சரி, கவுன்சலிங்குக்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊர் அச்சகம் ஒன்றில் கேட்டுக்கொண்டு, அவனை ஒரு நாள் முழுக்க உட்கார வையுங்கள். மெஷின் பக்கம் போய் நிற்கிறானா, பக்கம் வடிவமைப்பவரிடம் கேள்வி கேட்கிறானா என்று கவனித்து எனக்கு எழுதுங்கள். எந்த மென்பொருளை முதலில் கற்கலாம் என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.