செயலியிலும் படிவத்திலும் பட்டியல்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஆங்கிலப் படிவத்தைத் தமிழாக்கும்போது பட்டியலுக்கு முன்னுள்ள வரியை "நீங்கள் இணைக்க வேண்டும்:" என்று எழுதுகிறோம். அது இயல்பாக இல்லை என்கிறார்கள். எப்படித் திருத்துவது?

பதில்: தமிழ் வாக்கியத்தில் பயனிலை இறுதியில் வருகிறது. வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, ஒவ்வோர் உருப்படியும் அதை முடித்துவைக்கும்படி விடுகிற அமைப்பு ஆங்கிலத்திற்குப் பொருந்தும். தமிழில் அப்படிச் செய்தால் வினை முந்திக்கொள்கிறது, அதன்பின் வரும் "குடும்ப அட்டை" என்பதை "குடும்ப அட்டையை" என்று எழுதுவதா வேண்டாமா என்ற குழப்பமும் சேர்கிறது. ஆகவே முன்வரியை அதன் அளவிலேயே முழுமையாக்கிவிடுங்கள். "பின்வரும் ஆவணங்களை இணைக்கவும்:" என்ற முழு வாக்கியமோ, "இணைக்க வேண்டிய ஆவணங்கள்:" என்ற பெயர்த்தொடரோ போதும்; அதன்கீழ் உருப்படிகள் அனைத்தும் உருபேற்காத பெயர்களாக வரலாம்.

எல்லாம் வேண்டுமா, ஒன்று போதுமா என்பதையும் முன்வரியே சொல்லியாக வேண்டும். முகவரிச் சான்று என்ற தலைப்பின்கீழ் ஆதார் அட்டை, வாக்காளர் அட்டை, கடவுச்சீட்டு என்று வெறுமனே அடுக்கினால், கடவுச்சீட்டு இல்லாத ஒருவர் தமக்குத் தகுதியில்லை என்று எண்ணி விண்ணப்பத்தையே கைவிடக்கூடும். "பின்வருவனவற்றுள் ஏதேனும் ஒன்று" என்று எழுதத் தவறுவதை நான் சிறு பிழையாகக் கருதுவதில்லை.

கேள்வி: எங்கள் மாவட்டப் பட்டியலை அகர வரிசைப்படி அடுக்கும்படி நிரலில் சொல்லியிருக்கிறோம். ஆனால் கன்னியாகுமரி, கரூர், கள்ளக்குறிச்சி என்று வருகிறது. பிழை எங்கே?

பதில்: நெடுங்கணக்கில் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்பதே முறை. அதன்படி கரூர், கள்ளக்குறிச்சி, கன்னியாகுமரி என்று வர வேண்டும். உங்கள் நிரல் எழுத்துகளை அவற்றின் யூனிகோடு எண்களை, அதாவது கணினிக்காக ஒவ்வோர் எழுத்துக்கும் தரப்பட்ட எண்களைக் கொண்டு ஒப்பிடுகிறது. இந்திய எழுத்துமுறைகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி தரத்தின் இட அமைப்பை யூனிகோடு பின்பற்றியதால், அந்த எண்வரிசையில் ன என்பது ந-வை அடுத்தும், ற என்பது ர-வை அடுத்தும், ஜ என்பது ச-வை அடுத்தும் நிற்கின்றன. மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளியின் இடமும் சிக்கல் தருகிறது: இன்றைய அகராதிகளில் "அக்கா" முதலிலும் "அகம்" பின்னரும் வர, எண்வரிசையோ "அகம்" என்பதை முன்னே வைக்கிறது.

இதற்காக நீங்களே புதிய விதிகளை எழுத வேண்டியதில்லை. மொழிவாரியான வரிசை விதிகளை யூனிகோடு கூட்டமைப்பு சிஎல்டிஆர் என்ற தரவுத் தொகுப்பில் பராமரித்து வருகிறது. ஒப்பீட்டுச் செயற்கூற்றுக்குத் தமிழின் மொழிக்குறியைக் கொடுத்து அடுக்கச் சொன்னால் பெரும்பாலான நிரல்மொழிகளில் சிக்கல் தீரும். 38 மாவட்டங்களுள் தம் ஊரைத் தேடுபவர் பள்ளியில் கற்ற வரிசையை நம்பித்தான் விரலை நகர்த்துகிறார். அந்த நம்பிக்கையைப் பட்டியல் காக்க வேண்டும்.

கேள்வி: எண்ணிட்ட பட்டியல் எப்போது, புள்ளியிட்ட பட்டியல் எப்போது?

பதில்: வரிசை மாறினால் செயல் கெடும் என்றால் எண், இல்லையெனில் புள்ளி. பயனர் தொலைபேசியில் உதவி கேட்கக்கூடிய இடங்களில் அ, ஆ, இ, ஈ என்று குறியிடுவதைத் தவிர்க்கலாம். இ என்பதும் ஈ என்பதும் காதில் எளிதில் மயங்கும். இணையப் பக்கங்களில் ௧, ௨, ௩ என்று தமிழ் எண்களைத் தானாக இடும் வசதி இருக்கிறது. அதன்மீது எனக்குப் பற்று உண்டு. ஆயினும் வழிமுறைப் படிகளுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் இன்று பலராலும் அவற்றைத் தயங்காமல் படிக்க இயலுவதில்லை.

கேள்வி: ஒரே பட்டியலில் "பதிவு செய்க", "மாற்றவும்", "நீக்குதல்" என்று மூன்று வடிவங்கள் வந்துவிட்டன. எதை வைத்துக்கொள்வது?

பதில்: படிகளுக்கு "மாற்றவும்" என்ற வடிவம் மரியாதையாகவும் பழகியதாகவும் இருக்கிறது. உதவிப் பக்கத்தின் தலைப்புகளுக்கு "மாற்றுதல்" பொருந்தும். எதைத் தேர்ந்தாலும் ஒரே பட்டியலுக்குள் கலக்காதீர்கள். பலர் சேர்ந்து எழுதும் இடமாயின், முடிவை நடைக்கையேட்டில் எழுதிவையுங்கள். முற்றுப்புள்ளிக்கும் இதே நெறிதான்: உருப்படிகள் முழு வாக்கியங்களாயின் அனைத்திற்கும் இடவும், சொற்களாகவோ தொடர்களாகவோ இருப்பின் எதற்கும் வேண்டாம்.

கேள்வி: வரியின் தொடக்கத்தில் சிறுகோடு தட்டச்சு செய்தாலே பட்டியல் போலத் தெரிகிறது. அது போதாதா?

பதில்: கண்ணால் படிப்பவருக்குப் போதும், திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள் கொண்டு கேட்பவருக்குப் போதாது. பட்டியலுக்குரிய குறிச்சொற்களை இட்டிருந்தால், என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் பட்டியல் தொடங்குவதையும் அதில் எத்தனை உருப்படிகள் உள்ளன என்பதையும் முதலில் அறிவிக்கும். அதைக் கேட்டு, முழுவதும் கேட்பதா தாண்டிச் செல்வதா என்று பயனர் முடிவெடுப்பார். சிறுகோட்டில் அந்தத் தகவல் எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியும் கட்டமைப்பு நிரலிலும் இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதல்களில் மிக அடிப்படையான முதல் நிலையிலேயே இடம்பெற்றுள்ள நிபந்தனை. ஆகவே அடுத்த வெளியீட்டுக்குக் காத்திராமல் இதை முதலில் திருத்துங்கள்.