பள்ளிக்குத் தொலைபேசியில் விடுப்புச் சொல்லும் பணிவான ஜப்பானியம்

வணக்கம். மகளுக்குக் காய்ச்சல் என்று ஜப்பானியத் தொடக்கப் பள்ளியை அழைத்து, "கியோ வா யசுமிமஸ்" என்றதும் மறுமுனை சற்றே தயங்கியதாக எழுதியிருந்தீர்கள். அத்தொடரில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால், "இன்று வரமாட்டாள்" என்று முடிவை அறிவிப்பதுபோல் அது ஒலிக்கக்கூடும்.

முதலில் "ஒசெவா நி நத்தெ ஒரிமஸ்" (தங்கள் ஆதரவுக்கு நன்றி என்னும் வழக்கமான தொடக்க வாழ்த்து) என்று தொடங்கி, வகுப்பையும் பிரிவையும் மகளின் பெயரையும் கூறி, "நோ ஹஹா தெஸ்" (இன்னாரின் தாய்) என அறிமுகம் செய்துகொள்ளுங்கள். வெளியாரிடம் பேசும்போது சொந்தப் பிள்ளையின் பெயரோடு "சான்" என்னும் மரியாதைப் பின்னொட்டைச் சேர்ப்பது வழக்கமன்று என்பதை மறவாதீர்கள்.

அடுத்து, "நெட்ஸு கா அரு நோதெ, கியோ வா யசுமசெத்தெ இததக்கிமஸ்" (காய்ச்சல் இருப்பதால், இன்று விடுப்பெடுத்துக்கொள்கிறோம்) என்று சொல்லுங்கள். "யசுமசெத்தெ" என்பது "விடுப்பெடுக்க விட்டு" என்றும், "இததக்கிமஸ்" என்பது "பணிவுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்றும் பொருள்படுவதால், பள்ளியின் இசைவை ஓர் உதவியாக ஏற்கும் பணிவு அந்த ஒரே வினைத்தொடரில் அமைந்துவிடுகிறது. இதை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அவர்கள் "ஒதைஜி நி" (உடல்நலம் பேணுங்கள்) என்றால் நன்றி கூறி, "யொரொஷிக்கு ஒனெகாய் இத்தஷிமஸ்" (தயவுசெய்து கவனித்துக்கொள்ளுங்கள்), "ஷிட்சுரெய் இத்தஷிமஸ்" (விடைபெறுகிறேன்) என்று முடிக்கலாம்.

மருத்துவர் இன்ஃபுளுயன்சா என்று உறுதிசெய்தால் அதை உடனே தெரிவியுங்கள்; அந்நாட்கள் "ஷுஸ்ஸெக்கி தெய்ஷி" எனப்படும் வருகை நிறுத்தமாகக் கொள்ளப்படும், சாதாரண விடுப்பாக எண்ணப்படமாட்டா.