ஸ்பின் எவ்ளோ நேரம் தாங்கும்? ஜோடி குவாண்டம் டாட் பத்தி வந்த கேள்விகள்

கேள்வி: கேலியம் ஆர்சனைடு டாட்ல டி1 ஒரு செகண்டுக்கு மேலங்கறாங்க, அதே மெட்டீரியல்ல 10 நானோசெகண்டுல எல்லாம் கலைஞ்சிடுதுங்கறாங்க. எது நிஜம்?

ரெண்டும் நிஜம்தான், ரெண்டும் வேற வேற கடிகாரம். (குவாண்டம் டாட்னா ஒண்ணு ரெண்டு எலக்ட்ரான அடைச்சு வைக்கற குட்டி செமிகண்டக்டர் கூண்டு, ரெண்டு கூண்டு பக்கத்துல பக்கத்துல இருந்தா ஜோடி டாட். ஸ்பின்னுங்கறது எலக்ட்ரான் குட்டி காந்தம் மாதிரி நடந்துக்கற குணம்.) டி1ங்கறது மேல இருக்கற ஸ்பின் எனர்ஜிய விட்டுட்டு கீழ விழ ஆகற நேரம். அதுக்கு ஒரு ஃபோனான, அதாவது படிகத்தோட அதிர்வுத் துணுக்க, வெளிய தள்ளணும், ஆனா ஸ்பின்னுக்கு ஃபோனானோட நேரடி தொடர்பு கிடையாது, ஸ்பின்-ஆர்பிட் (எலக்ட்ரானோட ஓட்டத்துக்கும் ஸ்பின்னுக்கும் உள்ள பிணைப்பு) வழியா கொஞ்சூண்டு ஒட்டுதுங்கறதோட சரி, அதனாலதான் 1 டெஸ்லாவுல ஒரு செகண்ட தாண்டுச்சு (2008ல அளந்தது). அந்த 10 நானோசெகண்ட் டி2 ஸ்டார், அது ஃபேஸோட கதை, அதாவது ஸ்பின்னோட சுழற்சித் தாளம் எவ்ளோ நேரம் கலையாம இருக்குங்கறது. அங்க ஆட்டம் காட்டறது அணுக்கரு. கேலியம், ஆர்சனிக் ரெண்டுலயும் ஸ்பின் இல்லாத ஐசோடோப்பே கிடையாது, ஒரு எலக்ட்ரான் கிட்டத்தட்ட 10 லட்சம் அணுக்கரு மேல படர்ந்து கெடக்கு, அதெல்லாம் சேர்ந்து சில மில்லிடெஸ்லாவுக்கு ஒரு ஃபீல்ட் குடுக்கும், அது எந்தப் பக்கம்னு முன்கூட்டி சொல்ல முடியாது. தயவுசெஞ்சு டி1 நம்பர மட்டும் பாத்துட்டு நல்ல க்யூபிட்னு (குவாண்டம் கம்ப்யூட்டரோட பிட்) முடிவு பண்ணிடாதீங்க.

கேள்வி: அத ஜோடி டாட்ல எப்படி கண்ணால பாக்கறாங்க?

ஹார்வர்ட்ல 2005ல பண்ணது எனக்கு ரொம்ப பிடிச்ச பரிசோதனை. ரெண்டு எலக்ட்ரானையும் ஒரே டாட்ல போட்டா கீழ் நிலை சிங்லெட் (ரெண்டு ஸ்பின்னும் ஒண்ண ஒண்ணு முழுசா கழிச்சுக்கற நிலை), அதுல ஆரம்பிப்பாங்க. அப்புறம் கேட் வோல்டேஜ சட்டுனு மாத்தி டாட்டுக்கு ஒண்ணா பிரிச்சு, சில நானோசெகண்ட் சும்மா விட்டுட்டு, திரும்பி ஒண்ணு சேக்க பாப்பாங்க. இன்னும் சிங்லெட்டா இருந்தா ரெண்டும் ஒரே டாட்டுக்குள்ள வந்துடும், டிரிப்லெட்டா (அப்படி கழிஞ்சு போகாத நிலை) மாறியிருந்தா பவுலி விதி (ஒரே நிலையில ரெண்டு எலக்ட்ரான் இருக்கக் கூடாதுங்கறது) உள்ள விடாது, வெளியவே நிக்கும். பக்கத்துல இருக்கற சார்ஜ் சென்சார் இத காட்டிடும், ஆக ஸ்பின்ன தொடாமலே அது என்ன ஆச்சுனு சார்ஜ வச்சு தெரிஞ்சிடுது. ரெண்டு டாட்லயும் அணுக்கரு ஃபீல்ட் வேற வேறயா இருக்கறதாலதான் சிங்லெட் கலைஞ்சு டிரிப்லெட் ஆகுது, அந்த 10 நானோசெகண்ட் இங்கேர்ந்து வந்ததுதான். ஆனா அது தொலைஞ்சு போன தகவல் இல்ல. அணுக்கரு ஃபீல்ட் மெதுவாத்தான் மாறும்ங்கறதால நடுவுல ரெண்டு ஸ்பின்னையும் இடம் மாத்தி விட்டா தப்பு தானே கழிஞ்சு போய், எக்கோங்கற இந்த முறைல மைக்ரோசெகண்டுக்கு மேல வந்துடுச்சு.

கேள்வி: காந்தப்புலத்த ஏத்தினா ஸ்பின் இன்னும் உறுதியா நிக்கும்தானே?

நெறைய பேர் இப்படித்தான் நினைக்கறாங்க, டி1ஐ பொறுத்தவரை நேர் எதிர். ஃபீல்ட் ஏறினா ரெண்டு நிலைக்கும் இடைவெளி அகலமாகும், அந்த எனர்ஜிக்கு ஃபோனான் தாராளமா கெடைக்கும், ஸ்பின்-ஆர்பிட் கலப்பும் ஏறும், கேலியம் ஆர்சனைடுல விழற வேகம் ஏறக்குறைய ஃபீல்டோட அஞ்சாவது அடுக்கா எகிறும். ஜோடி டாட்ல இன்னொரு குழி இருக்கு, ஸீமன் இடைவெளியும் (காந்தப்புலம் ரெண்டு ஸ்பின் நிலைக்கும் நடுவுல போடற எனர்ஜி வித்தியாசம்) டனலிங்கால (எலக்ட்ரான் டாட்டுக்கு டாட் ஊடுருவிப் போறது) வர்ற இடைவெளியும் சமமாகற எடத்துல ஸ்பின்னும் ஆர்பிட்டலும் நல்லா கலந்து ரிலாக்சேஷன் திடீர்னு எகிறிடும், ஹாட் ஸ்பாட்ம்பாங்க. டனலிங்க மாத்தி மாத்தி அளக்கறவங்க இத மனசுல வச்சுக்குங்க, இல்லனா வர்ற கர்வ் புரியவே புரியாது.

கேள்வி: சிலிக்கானுக்கு போயிட்டா பிரச்சனை தீருமா?

அணுக்கரு பிரச்சனை பெருமளவு தீரும். இயற்கை சிலிக்கான்ல ஸ்பின் இருக்கற சிலிக்கான்-29 வெறும் 4.7 சதவீதம், அதையும் வடிகட்டின சாம்பிள்ல 2014ல டி2 ஸ்டார் 120 மைக்ரோசெகண்ட் வந்துச்சு. பதிலுக்கு வேலி (valley, அதாவது பள்ளத்தாக்கு) நிலைகள், அதாவது சிலிக்கான்ல எலக்ட்ரான் இருக்கக்கூடிய கிட்டத்தட்ட ஒரே எனர்ஜி நிலைகள், வந்து நிக்கும், அந்த நிலைகளுக்கு நடுவுல உள்ள இடைவெளி ஸீமனோட சமமானா அங்கயும் ஹாட் ஸ்பாட்தான்.

கேள்வி: எக்ஸ்சேஞ்ச் கேட் வேகமானதுனா ஏன் எல்லாரும் சார்ஜ் நாய்ஸ் பத்தியே பேசறாங்க?

எக்ஸ்சேஞ்ச்ங்கறது பக்கத்து டாட்ல இருக்கற ரெண்டு எலக்ட்ரானும் ஒண்ணோட ஒண்ணு படர்றதால வர்ற ஸ்பின் பிணைப்பு, சார்ஜ் நாய்ஸ்ங்கறது சுத்தி இருக்கற சார்ஜ் தானா ஆடறது. வேகம் நிஜம்தான், அந்த 2005 வேலையிலயே பாதி ஸ்வாப் (ரெண்டு ஸ்பின்னையும் பாதி அளவு இடம் மாத்தற கேட்) 180 பிக்கோசெகண்டுல முடிஞ்சுது. ஆனா எக்ஸ்சேஞ்ச நாம வோல்டேஜாலதான் திருகறோம், அதே திருகாணிய சார்ஜ் நாய்ஸும் ஆட்டும். ஒரு டாட் பக்கம் சாய்ச்சு எக்ஸ்சேஞ்ச ஏத்தினா அது வோல்டேஜுக்கு செங்குத்தா ஏறும், துளி ஆட்டமும் ஃபேஸ்ல பெருசா தெரியும். அதனால 2016லேர்ந்து ரெண்டு டாட்டையும் சமமா வச்சுட்டு நடு பேரியர மட்டும் எறக்கற முறைய நெறைய பேர் எடுத்துக்கிட்டாங்க, அந்த எடத்துல சாய்வு ஆடினா எக்ஸ்சேஞ்ச் கிட்டத்தட்ட மாறாது. புது டிவைஸ்ல உங்க ஆசிலேஷன் சீக்கிரமே மங்குதுனா முதல்ல இத மாத்தி பாருங்க, மெட்டீரியல குறை சொல்றது அப்புறம்.