பூட்டை அறுத்தது யார்?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மாடிப்படிக்குக் கீழே எட்டு மாதமாக ஒரு சைக்கிள் கிடந்தது. டயரில் காற்றில்லை, செயின் துருப்பிடித்திருந்தது. காவலாளியைக் கேட்டேன். "யாரும் தொடுறதே இல்ல சார், வேணும்னா எடுத்துக்கோங்க" என்றார். பூட்டை அறுத்து, டயரும் சீட்டும் மாற்றி, பெயின்ட் அடித்து மகளுக்குக் கொடுத்தேன். வெளிநாட்டிலிருந்து திரும்பிய மூன்றாம் மாடிக்காரர் இப்போது அது தன்னுடையது என்கிறார். போலீசுக்குப் போவாராம். வாட்ஸ்அப் குழுவில் என்னைத் திருடன் என்று எழுதிவிட்டார். குப்பையாகக் கிடந்த பொருளுக்கு உயிர் கொடுத்தது தப்பா? மானநஷ்ட வழக்குப் போடலாமா? செலவழித்த பணத்தைக் கேட்கலாமா?

பதில்: நீங்கள் எழுதியது நான்கு பக்கம். அதில் மூன்று பக்கம் மூன்றாம் மாடிக்காரரின் குணத்தைப் பற்றியது. அதைத் தள்ளிவிட்டேன். மிச்சத்தில் எனக்கு வேண்டியது இரண்டே சொல்: "பூட்டை அறுத்து."

எட்டு மாதம், துரு, காற்றில்லாத டயர் என்று அடுக்குகிறீர்கள். சைக்கிளை உடைமையாளர் கவனிக்கவில்லை என்பதற்கு மட்டும்தான் இவை சாட்சி. கவனிக்காமல் விடுவது வேறு, எனக்கு இனி வேண்டாம் என்று கைவிடுவது வேறு. பூட்டிவிட்டுப் போனவர் திரும்பி வரும் எண்ணத்தோடு போனார் என்றுதான் எந்த நீதிமன்றமும் எடுத்துக்கொள்ளும். அவர் குடியிருக்கும் கட்டடத்திலேயே, பூட்டோடு நின்ற சைக்கிள் தொலைந்த பொருள்கூட இல்லை. சட்டத்தின் கண்ணில் அது அவர் கைவசம்தான் இருந்தது. குப்பை என்ற வாதமும் எடுபடாது. குப்பைத் தொட்டியில் போட்ட பொருளைக் குப்பை அள்ளும் தொழிலாளர்கள் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டதையே திருட்டு என்று 1957-ல் இங்கிலாந்தில் தீர்ப்பளித்திருக்கிறார்கள்.

"கைவிட்டதென்று உண்மையாகவே நம்பினேன்" என்பீர்கள். சரி, அது நல்ல வாதம்தான். அதே இங்கிலாந்தில் ஸ்மால் என்பவர் ஒரு காரை எடுத்துக்கொண்டு போய் மாட்டினார். நாள் கணக்கில் ஒரே இடத்தில் நின்ற கார். பெட்ரோல் இல்லை, பேட்டரி தீர்ந்திருந்தது. கைவிட்ட கார் என்று அவர் நேர்மையாக நம்பியிருக்கலாம் என்பதால் 1987-ல் தண்டனை ரத்தானது. ஆனால் அந்தக் காரில் கதவு பூட்டவில்லை, சாவி உள்ளேயே இருந்தது. உங்கள் விஷயத்தில் சாவி இல்லை, கையில் ரம்பம் இருந்தது. அந்த வித்தியாசத்தைக் குறுக்கு விசாரணையில் எப்படிச் சமாளிப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

காவலாளி அனுமதி கொடுத்தார் என்கிறீர்கள். அவருடையதல்லாத பொருளை அவர் கொடுக்க முடியாது. கூண்டில் ஏறினால் அப்படிச் சொன்னதாகவே ஒப்புக்கொள்ள மாட்டார். அவருக்கு வேலை முக்கியம்.

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று குறிப்பிடவில்லை. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வாரிசுகள் பல நாடுகளில் இருக்கின்றன. பிறர் பொருளை நேர்மையின்றித் தனதாக்கிக்கொள்வது அதில் 403-ஆம் பிரிவு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இன்றும் அதே 403-ஆம் பிரிவுதான். அதன் விளக்கக் குறிப்பு தெளிவாகச் சொல்கிறது: கண்டெடுத்தவர், உடைமையாளரைக் கண்டுபிடிக்க நியாயமான முயற்சி எடுத்து, நியாயமான காலம் காத்திருக்காமல் பொருளைத் தனதாக்கிக்கொண்டால் குற்றம். இந்தியாவில் இப்போது அது, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவு. திருட்டு வழக்கை இந்தப் பிரிவுக்கு இறக்கிவிட்டால் தப்பித்தோம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். சாதாரணத் திருட்டுக்கு உச்சபட்சம் 3 ஆண்டு, அபராதம் மட்டும் போட்டுவிடவும் இடமுண்டு. 314-ல் உச்சபட்சம் 2 ஆண்டுதான், ஆனால் குறைந்தபட்சமே 6 மாதம். பழைய 403-ல் இந்தக் குறைந்தபட்சம் கிடையாது. பழைய புத்தகத்தைப் படித்துவிட்டு யோசனை சொல்பவர்களிடம் கவனமாக இருங்கள்.

நீங்கள் எடுத்த முயற்சி என்ன? காவலாளியிடம் ஒரு கேள்வி. ஹேண்டில்பாரில் தேதி போட்டு ஒரு சீட்டுக் கட்டியிருக்கலாம். இன்று உங்களைத் திட்டுகிற அதே வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டிருந்தால் அன்று சாயங்காலமே பதில் வந்திருக்கும். அறம் சார்ந்து நீங்கள் கேட்ட கேள்விக்கும் என்னிடம் இதைத் தவிர வேறு பதில் இல்லை.

இனி நான் உண்மையிலேயே பயப்படுகிற விஷயம். இப்படி மாட்டியவர்களைக் கவிழ்த்தது பெரும்பாலும் எடுத்த செயல் அல்ல, அதற்குப் பிறகு செய்த காரியங்கள். என் கட்சிக்காரர் ஒருவர் இதே போன்ற சிக்கலில், பேசாமல் திருப்பி வைத்துவிடலாம் என்று இரவு இரண்டு மணிக்கு சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். சக்கரம் சத்தம் போடக்கூடாதாம். எல்லாம் கேமராவில் பதிவாகியிருந்தது. அவர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார். ஆனால் அந்தப் பதிவைப் பார்க்கும் எவருக்கும் அவர் திருடன் மாதிரிதான் தெரிவார். ஒன்றரை வருடம் வாய்தாவுக்கு அலைந்தார்.

உங்களுக்கு அந்தப் பெயின்ட்தான் கண்டம். மகளுக்குப் பிடித்த நிறம் என்கிறீர்கள். அடையாளத்தை மறைக்க அடித்தது என்று எதிர்த்தரப்பு சொல்லும். பெடல் அச்சுக்கு அடியில் ஃபிரேம் எண் பொறித்திருப்பார்கள். அது பெயின்டுக்கு அடியில் போயிருந்தால் சுரண்டாதீர்கள், கை வைக்கவே வேண்டாம். பயந்துபோய் விற்றுவிடவும் வேண்டாம். விற்றால் வாங்கியவரும் வழக்குக்குள் வருவார், முதல் சாட்சியே உங்களுக்கு எதிராக அவராகத்தான் இருப்பார்.

மானநஷ்ட வழக்கா? போட்டால் கூண்டில் ஏற வேண்டியது நீங்கள். பூட்டை எதால் அறுத்தீர்கள், எந்த நேரத்தில், அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அவருடைய வக்கீல் ஒவ்வொன்றாகக் கேட்பார். இன்று அவரிடம் இல்லாத ஆதாரத்தை உங்கள் வாயாலேயே பதிவு செய்து கொடுப்பீர்கள்.

செலவுப் பணத்தையும் மறந்துவிடுங்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 168-ஆம் பிரிவு, கண்டெடுத்தவர் தானாகச் செய்த செலவுக்கு வழக்குப் போட முடியாது என்கிறது. உடைமையாளருக்காகப் பாதுகாத்திருந்தால், செலவைத் தரும்வரை பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். நீங்கள் பாதுகாத்தது உங்கள் மகளுக்காக.

சமாதானமாகப் போங்கள். அவர் காவல் நிலையத்துக்குப் போவதற்கு முன், நாளைக்கே. வழக்குப் பதிவாகிவிட்டால் அவரே மனம் மாறினாலும் நீதிமன்றம் வழியாகத்தான் சமரசம். பகலில், குடியிருப்புச் சங்கத்தில் இருவரை வைத்துக்கொண்டு சைக்கிளை ஒப்படையுங்கள். புது டயரும் சீட்டும் அதிலேயே இருக்கட்டும். அறுத்த பூட்டுக்குப் பதில் ஒரு பூட்டு வாங்கிக் கொடுங்கள். கடிதத்தில் "கைவிடப்பட்டது என்று நினைத்து எடுத்தேன், தங்களுடையது என்று தெரிந்ததும் ஒப்படைக்கிறேன்" என்று மட்டும் எழுதுங்கள். உணர்ச்சிவசப்பட்டுத் "திருடியதற்கு மன்னிக்கவும்" என்று எழுதிவிடாதீர்கள். அப்புறம் நான் வந்தும் பயனில்லை. பெற்றுக்கொண்டேன், வேறு கோரிக்கை இல்லை என்று அவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் பதில் போட வேண்டாம், ஏற்கனவே போட்டதை அழிக்கவும் வேண்டாம். மகளுக்கு வேறு சைக்கிள் வாங்கிக் கொடுங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள்.