மோட்டார் சுற்றுகிறது, ஜாக்கின் கால் அசையவில்லை

வணக்கம். பொத்தானை அழுத்தினால் மோட்டார் சுற்றும் ஓசை கேட்கிறது, ஆனால் டிரெய்லரின் முன்பகுதியைத் தூக்கி நிறுத்தும் மின்சார ஜாக்கின் கால் அசையவில்லை என்கிறீர்கள். அப்படியானால் 12 வோல்ட் மின்சாரத்தையோ ஃபியூஸையோ சந்தேகிக்க வேண்டியதில்லை, புது மோட்டாரும் உடனே வாங்க வேண்டாம்.

முதலில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, டிரெய்லரின் முன்பகுதியை உறுதியான தாங்கியில் நிறுத்தி, பாட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். கைப்பிடியைச் செருகிச் சுழற்றும்போது கால் ஏறி இறங்கினால், உள்ளிருக்கும் திருகுத்தண்டு நன்றாகவே இருக்கிறது. பழுது கியர் பெட்டியில்தான், பெரும்பாலும் பல் தேய்ந்த கியர் அல்லது அறுந்த ஷியர் பின் (சுமை மிகும்போது கியரைக் காப்பதற்காகத் தானே அறுந்துபோகும் சிறு உலோக ஊசி). பின்னை மாற்றுவதானால் அதே விட்டமும் அதே உலோகமும் உடையதையே போடுங்கள்: கடினமான போல்ட்டைச் செருகினால் (அவசரத்தில் தோன்றும் வழி அதுதான்) அடுத்த முறை பின்னுக்குப் பதிலாகக் கியர் உடையும். பழைய கிரீஸில் உலோகத் துகள்கள் தென்பட்டால் முழுவதும் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள்.